பின் மட்கார்டை வெட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மாதச் சம்பளம் போச்சு, வண்டியும் ஓட்டுகிற நிலையில் இல்லை. பழைய பாணி பைக்குகளை மாற்றி அமைத்துக் கொடுக்கும் ஒரு பட்டறையில் வேலையைக் கொடுத்தேன். பெயரைச் சொன்னால் வேறு வம்பு வரும், வேண்டாம்.

என் ஆசை ரொம்பச் சின்னது. கம்பெனி மட்கார்டு நீளமாக, கனமாக, பின்னால் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுத்துவிட்டு டயரை ஒட்டின மாதிரி குட்டையாக ஒன்று போட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த ஆள் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, கையைத் துணியில் துடைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து டயருக்கும் புது மட்கார்டுக்கும் நடுவில் விரல்களை விட்டுக் காட்டினார். "நாலு விரல் போகுது பாருங்க சார், தாராளம்." அப்புறம் சொன்னார், "பழசைப் பத்திரமா வைக்கிறேன், பிடிக்கலைன்னா ஒரு மணி நேரத்துல திருப்பி மாட்டிக்கலாம்." இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் விழுந்தேன். திருப்பி மாட்டலாம் என்றால் என்ன பயம்? முன்பணம் மட்டும் கேட்டவரிடம் முழுப் பணத்தையும் அங்கேயே கொடுத்தேன். ஒன்றரை மாதச் சம்பளம், ஒரே தவணையில். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரம் அந்தரத்தில் தொங்கும், ஷாக் அப்சார்பர் முழுக்க நீண்டிருக்கும். அந்த நேரத்து இடைவெளிதான் அதிகபட்சம். ஷாக் அப்சார்பர் முழுக்க அமுங்கினால் என் வண்டியில் பின் சக்கரம் 80 மில்லிமீட்டர் மேலே ஏறும். நாலு விரல் என்பது 70, மிஞ்சினால் 75. மட்கார்டு ஃப்ரேமோடு நிற்கிறது, சக்கரம் மட்டும் மேலே வருகிறது, கணக்கு எங்கே இடிக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

தனியாக ஓட்டின நாலு நாளும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்தாம் நாள் தம்பியைப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கினேன், 'கர்ர்' என்று ஒரு சத்தம், ரப்பர் தீய்ந்த நாற்றம். குனிந்து பார்த்தால் டயரின் நடுவில் கோடு போட்ட மாதிரி இரண்டு பள்ளம், சுற்றிலும் அழிரப்பர் துகள் மாதிரி கறுப்புத் தூள். மட்கார்டைப் பிடித்த போல்ட்டுகளின் தலை வெளியே, நட்டும் மிச்சமிருந்த மரையும் உள்ளே டயரைப் பார்த்து! தலைதான் உள்ளே வரணும், அதுவும் தட்டையாக. டெயில் லைட் ஒயரையும் மட்கார்டுக்கு அடியில் சும்மா டேப் சுற்றி விட்டிருந்தார்கள், அது அறுந்து ஃபியூஸ் போய், இருட்டில் பின்விளக்கு இல்லாமல் வீடு வந்து சேர்ந்தோம்.

போன் போட்டேன். முதல் நாள், "புதுசு சார், ஓட ஓட செட் ஆகும்." எது செட் ஆகும், டயர் தேய்ந்தா? இரண்டாம் நாள், "ரெண்டு பேர் போறதா நீங்க சொல்லவே இல்லையே." மூன்றாம் நாள் வேறு யாரோ எடுத்து "அண்ணன் வெளியூர்ல இருக்காரு" என்றான், பின்னாலேயே அண்ணன் குரல் கேட்கிறது. படம் அனுப்பினேன், பார்த்துவிட்டார், பதில் இல்லை.

நேரில் போய்ப் பழைய மட்கார்டைக் கேட்டதற்கு, பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்களாம். அதுகூடப் பரவாயில்லை. சீட்டைக் கழற்றிப் பார்த்தால், பழைய மட்கார்டு உட்காரும் பின் ஃப்ரேம் வளைவையே அறுத்து எடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புதுசாக வைத்த பிடிமானம் மெல்லிசுத் தகடு, அழகுக்காக வெல்டிங்கைத் தேய்த்து மட்டமாக்கிப் பெயின்ட் அடித்தது, அந்த ஓரத்திலேயே மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கிறது. ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வுக்கு அது எத்தனை நாள் தாங்கும்? இதற்கு ஒன்றரை மாதச் சம்பளம். புது டயர் செலவு தனி.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விளக்கமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது முடியவில்லை. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை அது ஏறும் உயரம் வரை தூக்கி வைத்து இடைவெளி பார்க்கச் சொல்லுங்கள், விரலை விட்டுக் காட்டினால் நம்பாதீர்கள். ஃப்ரேமில் எதை அறுக்கிறார்கள் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். கழற்றின பாகத்தை அன்றைக்கே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுங்கள். முழுப் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

இன்று காலை வேறொரு வெல்டரிடம் காட்டினேன். விரிசல்மேல் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அறுத்த துண்டு இருக்கா?" என்றார். இல்லை என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.