எடைக்கு விளையும் தக்காளி, ருசிக்கு விளையும் தக்காளி

ரசத்துக்கு நாட்டுத் தக்காளிதான் வேண்டும் என்று தேடி வாங்குபவர்களும், இயற்கை முறையில் விளைந்தது என்பதற்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்களும் தேடுவது ஒரே ருசியைத்தான். ஆனால் அந்த ருசியை ரகம், நீர், உரம், பறிக்கும் பருவம் ஆகிய நான்கும் வெவ்வேறு அளவில் தீர்மானிக்கின்றன. தக்காளிப் பழத்தில் 94 முதல் 95 விழுக்காடு வரை தண்ணீர்தான். இனிப்பு, புளிப்பு, மணம், நிறம் எல்லாம் மீதமுள்ள 5 அல்லது 6 விழுக்காட்டுக்குள் அடங்கிவிடுகின்றன. ஒட்டன்சத்திரம் சந்தையிலோ உடுமலைப்பேட்டையிலோ 14 கிலோ பெட்டிக்கு விலை பேசும்போது இந்த 5 விழுக்காட்டை யாரும் அளந்து பார்ப்பதில்லை. அங்கே விலை எடைக்கும் தோற்றத்துக்கும்தான். சாகுபடி முறைகளை ஒப்பிடும்போது இதை மறந்துவிட்டால் விவசாயியின் மேல் வீண்பழி சுமத்த நேரும்.

முதலில் ரகம். நாட்டுத் தக்காளி என்று தமிழ்நாட்டுச் சந்தைகளில் விற்கப்படுவதில் பி.கே.எம். 1 ரகத்துக்கு நெடுங்காலமாக முக்கிய இடம் உண்டு. அன்னஞ்சி என்ற உள்ளூர் வகையிலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்ட ரகம் அது. எதிரணியில் நிற்பவை பெங்களூர்த் தக்காளி என்று பொதுப்பெயரில் அழைக்கப்படும் வீரிய ஒட்டு ரகங்கள். இரண்டையும் குறுக்கே அரிந்து ஒரே தட்டில் வைத்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நாட்டுப் பழத்தில் தோல் மெல்லியது, அறைகள் பல, விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான கூழ் தட்டில் வழியும். ஒட்டு ரகத்தில் சதைச்சுவர் தடிமனாக, நடுத்தண்டு சற்று வெளுத்து, கூழ் குறைவாக இருக்கும். புளிப்பும், சமையலில் நாம் உணரும் அந்த ஆழமான சுவையைத் தரும் குளுட்டமேட்டும் சதையைவிடக் கூழில்தான் அதிகம். ஆகவே கையால் பிசைந்து கரைக்கும் ரசத்துக்கு நாட்டுப் பழமும், வில்லையாக நறுக்கி அடுக்குவதற்கு ஒட்டு ரகமும் பொருந்துவது வெறும் பழக்கத்தால் அன்று.

பி.கே.எம். 1 பழத்தின் காம்புப் பக்கத்தில், பழுக்கும் முன் கரும்பச்சையாக ஒரு தோள் தெரியும். பழம் முழுவதும் ஒரே சீராக நிறம் மாற வேண்டும் என்று பல பத்தாண்டுகளாக உலகெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட வணிக ரகங்களில் அந்தப் பச்சைத் தோள் மறைந்துவிட்டது. தோளை மறைத்த அதே மரபணு மாற்றம், காயில் ஒளியைக் கொண்டு சர்க்கரை செய்யும் பசுங்கணிகங்களைக் குறைத்து, பழுத்த பழத்தின் சர்க்கரையையும் குறைத்துவிடுகிறது என்பதை 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று விளக்கியது. அழகுக்காகச் செய்த தேர்வு ருசியையும் கொண்டுபோனது. அதற்காக ஒட்டு ரகங்களை ஒரேயடியாக ஒதுக்கிவிடவும் முடியாது. பெங்களூரிலுள்ள இந்திய தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா ரக்சக் ரகம் இலைச்சுருட்டு, பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்று நோய்களையும் தாங்கும். செடியே செத்துப்போன வயலில் ருசியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

என் கணிப்பில் ரகத்துக்கு இணையாக ருசியைத் தீர்மானிப்பது நீர். வாய்க்கால் பாசனத்தில் வயல் ஒருநாள் ஊறிக்கிடக்கும், பிறகு பல நாள் காயும். அந்த ஏற்ற இறக்கத்தால் பழம் வெடிப்பதும், சுண்ணாம்புச் சத்து காயின் நுனிக்குப் போய்ச் சேராமல் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் நடக்கின்றன. சொட்டு நீர்ப் பாசனத்தில் இவ்விரு குறைகளும் பெருமளவு குறைகின்றன. ஆனால் சொட்டு நீரில் விளைந்த பழம் சப்பென்று இருக்கிறது என்ற குறை கேட்கப்படுவதும் உண்டு. குறை குழாயில் இல்லை, வால்வைத் திறக்கும் கையில் இருக்கிறது. பறிப்பு முடியும்வரை நாள்தோறும் நீர் விட்டால் பழம் பருக்கும், சத்து நீர்த்துப்போகும். சர்க்கரை, அமிலம் போன்ற கரையும் திடப்பொருள் 5 விழுக்காடு உள்ள பழத்தில் கிலோவுக்கு 50 கிராம் ருசிப்பொருள் இருக்கிறது. அது 4 விழுக்காடானால் 40 கிராம்தான். காய் நிறம் திரும்பத் தொடங்கியதும் நீரை அளவோடு குறைத்தால் இனிப்பும் புளிப்பும் சேர்ந்தே ஏறும். கூடவே எடையும் குறையும். எடை குறைந்தால் பெட்டியின் எண்ணிக்கை குறையும் என்பதால் நம் சந்தைக்கு விளைவிப்பவர் அதைச் செய்யத் தயங்குவது இயல்பே. கலிபோர்னியாவில் தக்காளி விழுது தயாரிக்கும் ஆலைக்காக விளைவிப்பவர்கள் அறுவடைக்கு முன்பே நீரைக் குறைத்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஆலைக்கு வேண்டியது திடப்பொருள். தண்ணீரை ஆவியாக்குவது அதற்குச் செலவு.

உரத்தில்தான் வாதம் சூடாக நடக்கிறது. தொழு உரம், கடலைப் பிண்ணாக்கு, பஞ்சகவ்யம் ஒரு பக்கம். யூரியாவும் கரையும் உரங்களும் மறுபக்கம். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 10 ஆண்டு மாதிரிகளை ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கை முறைத் தக்காளியில் ஃபிளேவனாய்டு எனப்படும் தாவரச் சேர்மங்களான குவெர்செட்டின் 79 விழுக்காடும் கேம்ப்ஃபெரால் 97 விழுக்காடும் கூடுதலாக இருந்தன. ஆனால் அவை நாக்கு உணரும் ருசிப் பொருள்கள் அல்ல. இயற்கை முறைப் பழம் பல நேரம் ருசியாக இருப்பதற்குக் காரணம், தழைச்சத்து மெதுவாகக் கிடைப்பதால் செடி மதமதவென்று வளராமல், காயும் சிறுத்து, சத்து செறிவதே என்று கருதுகிறேன். யூரியாவைக் குறைத்து, சாம்பல் சத்தைச் சரியான அளவில் தரும் ரசாயன விவசாயியும் அந்த ருசியை நெருங்க முடியும். மறுபுறம், பழத்துக்கு வேண்டிய சர்க்கரையில் பெரும்பகுதி இலையிலிருந்தே வருகிறது. எந்த மருந்தும் தெளிக்காமல் விட்டு, கருகல் நோயில் இலை உதிர்ந்து, குச்சியும் காயுமாக நிற்கும் செடியின் பழம் ரசாயனமற்றதாக இருக்கலாம், ருசியாக இருக்காது.

குச்சி நட்டுக் கொடி கட்டுவது, தரையில் படர விடுவது ஆகிய இரண்டில் முன்னதே மேல்: மண் படாது, இலை காயும், நோய் குறையும். பசுமைக்குடில் மழைக்கும் பூச்சிக்கும் அரணாகும். ஆனால் வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டினால் சிவப்பு நிறத்தைத் தரும் லைக்கோபீன் உருவாவது தடைபடும். கோடையில் குடிலுக்குள்ளும் வெளியிலும் பழம் ஆரஞ்சு நிறத்தோடு நின்றுவிடுவது அதனால்தான்.

கடைசியாகப் பறிப்பு. தொலைதூரச் சந்தைக்கு முற்றிய பச்சைக்காயாகவோ செங்காயாகவோ பறித்து அனுப்புகிறார்கள். பக்கத்து உழவர் சந்தைக்குப் பழமாகவே பறிக்கலாம். வாழைக்காய் மாவுச்சத்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, வெட்டிய பிறகு அதை இனிப்பாக மாற்றிக்கொள்ளும். முற்றிய தக்காளிக் காயில் அப்படிப் பெரிய சேமிப்பு இல்லை; காம்பு அறுந்த நாளோடு வரவு நின்றுவிடுகிறது. தடை செய்யப்பட்ட கார்பைடு கல்லாயினும், அனுமதிக்கப்பட்ட எத்திலீன் வாயுவாயினும், அதனால் நிறத்தைக் கொண்டுவர முடியும், செடி கொடுக்காத சர்க்கரையைக் கொண்டுவர முடியாது. ஆகவே பச்சைக்காயாகப் பறித்த நாட்டு ரகத்தைவிட, முக்கால் பங்கு சிவந்த பின் பறித்த ஒட்டு ரகத்தையே நான் தேர்ந்தெடுப்பேன். விலை பேசும் இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இயற்கையா?" என்பதைவிட "எப்போது பறித்தது?" என்பதே. அப்படிக் கேட்டு வாங்கிய பழத்தையும் வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு வாரம் வைத்தால், 12 டிகிரிக்குக் கீழான குளிரில் மணம் தரும் பொருள்கள் குறைந்துவிடும். அதை வெளியிலேயே, காம்புப் பக்கம் கீழாக, தட்டில் பரப்பி வைக்கலாம்.