காதர்பேட்டைச் சந்தில் ஒரு மிச்ச நூல் கடை

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பக்கத்துச் சந்தில் பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு கடை. பனியன் கம்பெனிகளில் ஆர்டர் முடிந்து தங்கிப்போன நூல் கோன்களை மூட்டையாக வாங்கி, கிலோ கணக்கில் விற்கிறார்கள். நான் போய் நின்றதும் கடைக்காரர், "ஏனுங்கக்கா, எத்தனை மிஷின் ஓட்டறீங்க?" என்றார். ரெண்டு ஊசி என்றேன்.

குன்னூரில் இருந்த நாலு வருஷத்தில் பழகிய பின்னல் இது. அவிநாசிக்குத் திரும்பிய பிறகு கம்பளி நூலைத் தொட்டாலே வியர்க்கிறது. ஆனால் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது, ஸ்கூட்டியில் வேலைக்குப் போகும் மகளுக்குக் காதை மூட ஏதாவது வேண்டுமே. பருத்தியில் சின்னதாக ஒரு லேஸ் ஸ்கார்ஃப் போதும்.

கடையில் வெள்ளைக் கோன் மலையாகக் கிடக்கிறது. இங்கே பெரும்பாலும் துணியாக ஓட்டிய பிறகுதான் சாயம் போடுவார்கள். நூலிலேயே சாயம் ஏற்றுவது முக்கியமாகக் கோடு போட்ட துணிக்குத்தான். அதனால் கலர் வேண்டுமென்றால், எந்த நாட்டுக்காரனோ கேட்ட கோட்டு டீ-ஷர்ட்டின் மிச்சம்தான் நமக்கு. அரக்கு, சாம்பல், மாம்பழ மஞ்சள் என்று பாதி தீர்ந்த மூன்று கோன் எடுத்தேன். கிலோ 180 ரூபாய், அரைக் கிலோவுக்குக் குறைந்து நிறுப்பதில்லை. எனக்கு 700 கிராம், 126 ரூபாய்.

மஞ்சள் கோனில் சுத்தக் காட்டன் என்று சீட்டு ஒட்டியிருந்தது. வீட்டில் தொட்டுப் பார்த்தால் கொஞ்சம் அதிகமாகவே வழுக்கியது. மிஷினில் ஓட நூலுக்கு மெழுகு பூசுவார்கள், அதுதான் என்று நினைத்தேன். ஆனாலும் மூன்றிலும் ஒரு துண்டு அறுத்துத் தீக்குச்சி காட்டினேன். இரண்டு, காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தன. மஞ்சள் மட்டும் உருகிச் சுருண்டு, நுனியில் கடுகு மாதிரி கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாலியெஸ்டர் கலப்பு! அடுத்த வாரம் கொண்டுபோனால், "நிறுத்த சரக்கைத் திரும்ப எடுக்கறதில்லீங்க" என்று ஒரே பேச்சு. கோபம்தான். வாங்குவதற்கு முன்பே கொளுத்திப் பாருங்கள். தயவுசெய்து கடைக்குள் வேண்டாம், தெருவுக்கு வந்து.

நூல் 30-ஆம் நம்பர். ஒற்றை இழை தையல் நூல் கணக்காக இருக்கும். ஆறு இழை சேர்த்தால் 50 கிராமுக்கு 400 மீட்டருக்குச் சற்று மேல் வரும். லேஸுக்குச் சரியான கனம். அரக்கில் மூன்று, சாம்பலில் மூன்று என்று உருண்டைகளாகச் சுற்றிக்கொண்டேன்.

ஷெட்லாந்து தீவுகளின் பழைய அலை டிசைன்தான் போட்டேன். ஒரு அலைக்கு 18 கண்ணி, அதாவது ஊசியில் நிற்கும் நூல் வளையம். இரண்டு அலையும் ஓரத்துக்கு மூன்று மூன்றுமாக 42. நூலை ஊசியில் ஒரு சுற்றுப் போட்டால் ஓட்டை விழும், கண்ணி ஒன்று கூடும். இரண்டைச் சேர்த்துப் பின்னினால் ஒன்று குறையும். அலைக்கு ஆறு கூட்டல், ஆறு கழித்தல். கணக்கு சுலபம், இழைதான் படுத்தியது. முறுக்காமல் சும்மா சேர்த்துப் பிடித்த நூல் என்பதால் ஊசி முனை நாலைப் பிடித்து இரண்டை விட்டுவிடுகிறது. ராத்திரி பின்னியதைக் காலையில் பார்த்தால், எட்டு வரிசைக்குக் கீழே இரண்டு இழை தனியாகத் தொங்குகிறது. அத்தனையும் பிரித்தேன். அப்புறம் நாலு வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணியிலும் வெள்ளைத் தையல் நூல் ஒன்றைக் கோத்து வைத்தேன். தப்பு வந்தால் அதுவரை பிரித்தால் போதும்.

வெந்நீரில் அலசியதும் மெழுகு போய், பழைய வேட்டி மாதிரி மெத்தென்று ஆகிவிட்டது. ஈரத்தோடு இழுத்து மெத்தையில் குண்டூசி குத்திக் காயவைத்தேன். கம்பளி என்றால் அப்படியே விரிந்து நிற்கும். காட்டன் அடுத்த துவைப்பிலேயே கொஞ்சம் சுருங்கிக்கொண்டது, அலையும் மங்கல்தான். சமையல் தராசில் 46 கிராம், அதாவது 8 ரூபாய்க்குச் சற்று மேல் நூல். மிச்சத்திலும் மிச்சம் அரைக் கிலோவுக்கு மேல் அலமாரியில் கிடக்கிறது.

கடைக்கு மறுபடியும் போவேன். சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் வேண்டாம். சம்பள நாள், சந்தில் கால் வைக்க இடமிருக்காது. பையும் நீங்களே கொண்டுபோக வேண்டும்.