சென்னை வெயிலில் நிட்டிங்: பல சலவைக்குப் பிறகு சொல்வது

பந்தாகச் சுற்றி வைத்திருக்கும்போது எல்லா நூலும் அழகுதான். அதன் குணம் தெரிய ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் தாண்ட வேண்டும், வாஷிங் மெஷினுக்குள் பல முறை போய்வர வேண்டும். சில வருடங்களாகச் சென்னையில் இருந்துகொண்டு பின்னுகிறேன். பின்னியதெல்லாம் வீட்டில் யாராவது உடுத்திக்கொண்டோ போர்த்திக்கொண்டோ இருக்கிறார்கள். அவை இன்று எந்த நிலையில் இருக்கின்றன என்பதை வைத்தே இதை எழுதுகிறேன். "இந்த ஊருக்கு எதுக்கு நிட்டிங்?" என்று கேட்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

முதலில் அக்ரிலிக் என்னும் செயற்கை இழை நூல். நம் கடைகளில் "உல்லன் நூல்" என்று கேட்டால் பெரும்பாலும் கையில் வருவது இதுதான். ஆட்டு ரோமம் அதில் கொஞ்சமும் இருக்காது. மார்கழியில் விடியற்காலை கோலம் போடும்போது அம்மா போட்டுக்கொள்ளக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்று பின்னினேன். நிறம் அப்படியே இருக்கிறது, அளவும் மாறவில்லை. ஆனால் அக்குளிலும் இடுப்போரத்திலும் உரசி உரசிப் பஞ்சு குட்டிக் குட்டி உருண்டையாகத் திரள்கிறது. அக்ரிலிக் என்றாலே இது உண்டு, பிளேடால் மெல்லச் சுரண்டி எடுக்கலாம். சூடான இஸ்திரிப் பெட்டியை மட்டும் இதன்மேல் வைக்கவே கூடாது. இழை இளகித் தொளதொளவென்று ஆகிவிடும், மறுபடி பழைய நிலைக்கு வராது. அப்புறம், வியர்வையை இது உறிஞ்சாது. போர்வைக்கும் பொம்மைக்கும் சரி, சென்னையில் குழந்தைக்குச் சட்டை பின்ன இதை எடுக்க மாட்டேன்.

நம் ஊருக்குப் பருத்திதான். ஆனால் கிடைக்கும் பேட்டர்ன்களில் (பின்னும் முறை எழுதிய குறிப்புகளில்) பெரும்பாலானவை ஆட்டு ரோமத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ரோமம் இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கிக்கொள்ளும். பருத்திக்கு அந்தத் துள்ளல் கிடையாது. அதனால் பேட்டர்னில் சொன்னபடியே ரிப் (நிட், பர்ல் என்ற இருவகைக் கண்ணிகளும் நெடுக்கு வரிகளாக மாறி மாறி வரும் ஓரப் பின்னல்; நிட்டின் முதுகுதான் பர்ல்) போட்டால் சில மாதத்தில் மணிக்கட்டும் கழுத்தும் தளர்ந்து தொங்கும். ரிப்புக்கு மட்டும் இரண்டு அளவு சின்ன ஊசி எடுத்து, நிட் கண்ணிகளைப் பின்பக்கமாகக் குத்திப் பின்னுகிறேன். கண்ணி முறுக்கிக்கொண்டு இறுக்கமாக நிற்கிறது. அப்படிப் பின்னிய என் கார்டிகனின் கைமுனை இத்தனை சலவைக்குப் பிறகும் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

அளவு பார்க்க முதலில் பின்னும் மாதிரித் துண்டு விஷயத்திலும் பருத்தி வேறு. பின்னியவுடன் அளக்காதீர்கள், துவைத்து, காயவைத்து, பிறகு அளங்கள். என் 4 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. உயரத்துக்கு 28 வரிசை இருந்தது, துவைத்ததும் 31 ஆனது. அகலம் கிட்டத்தட்ட அப்படியே. அதாவது 50 செ.மீ. நீளத்துக்குப் பின்னிய டாப் 45க்கு வந்து நிற்கும். காயப்போடும்போது நேர்மாறான தொல்லை: கொடியில் தொங்கவிட்டால் தண்ணீரின் பாரத்துக்கே இழுபட்டு நீண்டுவிடும். துண்டில் சுருட்டிப் பிழிந்து, பாய்மேல் விரித்துத்தான் காயவைக்க வேண்டும்.

பருத்தி நூல் எங்கே வாங்குவது என்பதில்தான் எனக்கு அதிக ஆர்வம். பின்னலாடைக்குப் பெயர்போன திருப்பூர் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. ஆனால் கையால் பின்னுவதற்கான பருத்திப் பந்து பக்கத்துக் கடையில் கிடைப்பதில்லை. திருப்பூரில் மெஷினுக்குப் போகும் நூல் கோனில் வருகிறது, கிலோ கணக்கில். 20ஆம் நம்பர் என்றால், ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் 20 இருக்கும் என்று பொருள். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 20ஆம் நம்பர் ஒற்றை இழையில் 100 கிராமுக்குச் சுமார் 3,390 மீட்டர் வருகிறது. அதைத் தனியாகக் கையில் பின்ன முடியாது. எட்டு இழையைச் சேர்த்துப் பிடித்தால் 100 கிராமுக்கு 420 மீட்டருக்குப் பக்கம், கிட்டத்தட்ட சாக்ஸ் நூலின் பருமன். தெரிந்தவர் மூலம் ஒரு கோன் வரவழைத்து, இழை பிரித்துச் சேர்த்துச் சுற்றி, ஒரு கோடைக்கால டாப் பின்னினேன். தொட்டால் பழகிய பனியன் துணியின் மிருது, வியர்வையை நன்றாக உறிஞ்சுகிறது.

ஆனால் ஒன்று உண்டு. மலிவான டீ ஷர்ட்டைத் துவைத்தால் பக்கத் தையல் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை இழை ஒரே திசையில் முறுக்கப்பட்டிருப்பதுதான் காரணம். நனைந்ததும் முறுக்கு பிரியப் பார்த்துத் துணியைச் சாய்க்கிறது. எட்டு இழையும் ஒரே திசை முறுக்கு என்பதால், வெறும் நிட் முகமாகப் பின்னிய துண்டும் சாய்ந்தது. நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் மாஸ் தையலில் அந்தச் சாய்வு அடங்கிவிடுகிறது, அதனால் உடல்பகுதி முழுக்க அதையே போட்டேன். இல்லாவிட்டால் இரண்டு இழையை எதிர்த்திசையில் முறுக்கிய நூலாகக் கேட்டு வாங்குங்கள்.

பாரிமுனைப் பக்கத்து மொத்தக் கடைகளுக்குப் போனால் நிறத்துக்குப் பஞ்சமில்லை. லேபிளில் லாட் நம்பர் (ஒன்றாகச் சாயம் தோய்த்த தொகுதியின் எண்) எல்லாப் பந்திலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பந்து கூடுதலாகவே வாங்குவேன். அடர் சிவப்பும் நீலமும் வாங்கினால் ஒரு முழ நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்ப்பது வழக்கம். "சாயம் போகவே போகாது மேடம்" என்று ஒரு கடையில் சத்தியம் செய்து கொடுத்த சிவப்பு, கைக்குட்டையையே இளஞ்சிவப்பாக்கியது.

ஊசிக்கு வருவோம். போனி ஊசிகள் நம் நீலகிரிக்காரர்கள். கேத்திக்குப் பக்கத்தில் எல்லநள்ளியில் 1949இல் தொடங்கிய நீடில் இண்டஸ்ட்ரீஸ் தொழிற்சாலையின் பிராண்டு அது. என் அலுமினிய ஜோடி தேயாமல் நேராக இருக்கிறது. மே மாதத்தில் விரல் வியர்த்து உலோகத்தில் நூல் ஒட்டும்போது மர ஊசிக்கு மாறிக்கொள்கிறேன், மரம் ஈரத்தை வாங்கிக்கொள்கிறது. நம்பர் விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். நம் கடைகளில் சொல்வது பழைய பிரிட்டிஷ் கணக்கு. அதில் 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25. அமெரிக்கப் பேட்டர்னில் 8 என்றால் 5 மி.மீ. மில்லிமீட்டர் சொல்லிக் கேட்பதே நல்லது. வளையும் வடத்தின் இரு நுனியிலும் ஊசிமுனைகளை மாற்றி மாற்றிப் பொருத்தும் வட்ட ஊசி செட்டும் வைத்திருக்கிறேன். வசதிதான், ஆனால் மரையைச் சாவி போட்டு நன்றாக முடுக்காவிட்டால் பாதி வரிசையில் கழன்றுவிடும்.

வகுப்புகள் பற்றி. சாக்ஸ் குதிகால் திருப்புவதை ஆன்லைன் வகுப்பில் கற்றேன், அது போதுமானதாக இருந்தது. அடிப்படையை நேரில்தான் கற்க வேண்டும் என்பேன். எங்கள் தெருவில் ஒரு அம்மா சொல்லிக்கொடுக்கிறார், பல காலம் ஊட்டியில் இருந்தவர். மூன்றாவது வகுப்பில் என் ஊசியிலிருந்து ஒரு கண்ணியை அவராகவே கழற்றி, பத்து வரிசை கீழே ஓடவிட்டார். எனக்குத் திக்கென்றது. "பதறாதம்மா, குரோஷா ஊசி எடு" என்றார். நிட் முகம் என்றால் முன்பக்கமிருந்து கண்ணிக்குள் அந்த ஊசியின் கொக்கியை விட்டு, மேலே குறுக்காகக் கிடக்கும் இழையைப் பிடித்து உள்ளே இழுக்க வேண்டும். இழுத்ததும் புதுக் கண்ணி, அதற்கும் மேலே அடுத்த இழை. பர்ல் என்றால் துணியைத் திருப்பிக்கொண்டு அதையே செய்தால் போதும். பத்தாவது இழை ஏறி கண்ணி ஊசிக்கு வந்தபோது எங்கே கழன்றது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணியைப் பார்த்தே படிக்க அன்று வந்தது. எந்த வகுப்பிலும் சேர்வதற்கு முன் இதைச் சொல்லித் தருவார்களா என்று கேளுங்கள்.

ஆட்டு ரோமத்தில் ஒரே ஒரு சால்வைதான் வைத்திருக்கிறேன், ரயிலில் ஏசி பெட்டிக்கு. வியர்வை பட்ட ரோமத்தைப் பூச்சி அதிகம் தேடி வரும், அதனால் துவைக்காமல் உள்ளே வைப்பதில்லை. சந்தேகம் வந்தால் பையில் கட்டி ஒரு வாரம் ஃப்ரீசரில் போட்டு எடுக்கிறேன். இதுவரை ஓட்டை விழவில்லை.

இப்போது ஊசியில் இருப்பது தங்கை மகளுக்கு ஒரு கவுன்: கோன் நூல், எட்டு இழை, 3 மி.மீ. ஊசி, மேலிருந்து கீழாக. பிள்ளை வளர வளர அடியில் இன்னும் சில வரிசை சேர்க்க வசதியாக, அதே கோனில் மிச்சத்தை லேபிளோடு எடுத்து வைத்திருக்கிறேன்.