ஆட்டோரிமூவ் என்ற ஒரே எரிச்சல்

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11-ஆம் பதிப்பில் ஆரம்பித்த நிறுவல் இது. 12 வந்தபோதும் 2025-இல் 13 வந்தபோதும் அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், அழித்துவிட்டுப் புதிதாகப் போடவே இல்லை. இத்தனை பேக்கேஜ்களையும் (மென்பொருள் பொதிகள்) லைப்ரரிகளையும் (புரோகிராம்கள் ஓடத் துணை நிற்கும் கோப்புகள்) ஒன்றோடொன்று மோதவிடாமல் ஒரே மூச்சில் மாற்றுவது லேசுப்பட்ட வேலை இல்லை, அதைச் செய்யும் ஆப்ட் என்ற பேக்கேஜ் மேலாளருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஆட்டோரிமூவ் என்ற அதன் துப்புரவுக் கட்டளை "இவை இனி தேவையில்லை" என்று ஒரு பட்டியல் நீட்டுகிறதே, அதைப் பார்த்தாலே கோபம் வருகிறது. யாருக்குத் தேவையில்லை? நாம் பெயர் சொல்லி நிறுவியதற்கு மேனுவல், அதற்குத் துணையாக ஒட்டிக்கொண்டு வந்ததற்கு ஆட்டோ என்று ஆப்ட் குறி போட்டு வைத்திருக்கும், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். சோர்ஸிலிருந்து, அதாவது மூல நிரலிலிருந்து, நானே கம்பைல் செய்து உருவாக்கி வைத்திருக்கும் புரோகிராம்கள் அதன் கணக்கிலேயே வராது. கம்பைல் முடிந்த கையோடு, அதற்கு மட்டும் தேவைப்பட்ட டெவ் பேக்கேஜை எடுத்துவிட்டால், அதோடு வந்த லைப்ரரியைக் கேட்க வேறு பேக்கேஜ் இல்லை, ஆகவே ஆட்டோரிமூவ் அதைக் கூட்டித் தள்ளிவிடும். போன வாரம் அப்படித்தான் ஒன்று போய், ஷேர்டு ஆப்ஜெக்ட் ஃபைலை, அதாவது அந்த லைப்ரரியைத், திறக்க முடியவில்லை என்று புரோகிராம் படுத்துவிட்டது. புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளைக் காட்டும் எல்டிடி கட்டளையை ஓட்டி எது காணோம் என்று பார்த்து, அது எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று ஆப்ட்-ஃபைலில் தேடி, திரும்ப நிறுவினேன். பெயர் சொல்லி நிறுவினாலே மேனுவல் குறி விழுந்துவிடும், இருந்தாலும் அந்தக் குறி உள்ளவற்றைப் பட்டியலிடும் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் போட்டு ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

சரி, அது கேட்டுவிட்டுத்தான் நீக்குகிறது, இல்லை என்று சொல்லவில்லை. 13-இல் வந்த ஆப்ட் 3.0 நீக்கப்போவதைக் கடைசியில் சிவப்பு நிறத்தில் காட்டுகிறது, அது உண்மையிலேயே நல்ல மாற்றம். ஹிஸ்டரி லாகிலும் எல்லாம் பதிவாகிறது. அப்புறம், 12-இலிருந்து சிஸ்டம் பைத்தானில் பிப் என்ற பைத்தான் நிறுவியால் நேரடியாக எதையும் இன்ஸ்டால் செய்யவிடாமல் வென்வ் என்ற தனிச் சூழல் பக்கம் தள்ளுகிறார்கள், பலர் திட்டினாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது. பைத்தானுக்கு அவ்வளவு ஜாக்கிரதை, என் புரோகிராமின் லைப்ரரி மட்டும் குப்பையா?

நண்பர் ஒருவர் டெபியனுக்கு வரலாமா என்று கேட்டிருந்தார், வேண்டாம் என்று பதில் போட்டுவிட்டேன். அடுத்த வாரம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.