வீடு முழுக்க அடர்நிறமா, ஒரே அறையில் மட்டுமா?

எங்கள் குடும்பத்தில் மூன்று வீடுகள் ஒரே அடுக்ககத்தில் இருக்கின்றன. மூன்றும் ஒரே அளவு, ஒரே அமைப்பு: வடக்குப் பார்த்த ஹால், மேற்கே பெரிய பெட்ரூம், நடுவில் ஜன்னலில்லாத நடைவழி. அக்கா வீடு முழுக்க ஆஃப் வொயிட். அத்தை வீட்டில் சோபாவுக்குப் பின்னால் ஒரு சுவர் மட்டும் அடர்நீலம், மற்றதெல்லாம் வெள்ளை. நாங்கள் மூன்று வருடம் முன்பு எல்லா அறைக்கும் ஒரே நிறம் அடித்தோம்: பாசி படிந்த கருங்கல் மாதிரி, பச்சையும் சாம்பலும் கலந்த மங்கலான அடர்நிறம்.

முதலில் வெளிச்சம். பெயிண்ட் நிறங்களுக்கு எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை ஒரு எண் உண்டு. சுவரில் விழும் ஒளியில் எத்தனை சதவீதம் திரும்பி வருகிறது என்பதுதான் அது. ஆஃப் வொயிட்டுக்குப் பெரும்பாலும் 80ஐ ஒட்டி இருக்கும். எங்கள் நிறத்தைப் போன்றவற்றுக்கு 10, 15 தேறினால் அதிகம். வடக்கு ஹாலில் வருடத்தின் பெரும்பகுதி நேர் வெயில் விழாது. உள்மூலைக்கு வெளிச்சம் போவதே சுவருக்குச் சுவர் பட்டுத் தெறித்துத்தான். அக்கா ஹாலில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் விளக்கில்லாமல் பேப்பர் படிக்கலாம். அடர்நிறத்தில் இருந்தபோது எங்கள் ஹாலில் மூன்றரைக்கே ஸ்விட்ச் போட வேண்டியிருந்தது.

அந்த விளக்கும் சாதாரண விளக்காக இருந்தால் போதவில்லை. நம் வீடுகளில் வழக்கமாக மாட்டும் 6500 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்.இ.டி.யில் எங்கள் சுவர் ஈர சிமென்ட் மாதிரி செத்துக் கிடந்தது. 3000 கெல்வின் மஞ்சள் பல்புக்கு மாற்றி, சீலிங் விளக்கோடு தாழ்வாக இரண்டு விளக்குகள் வைத்த பிறகுதான் அந்தப் பச்சை உயிர்பெற்றது. அப்போது அது உண்மையிலேயே அழகு. தேக்கு அலமாரியும் பித்தளைக் குத்துவிளக்கும் அந்தச் சுவருக்கு முன்னால் தெரிவது போல அக்கா வீட்டில் தெரியாது.

"அடர்நிறம் அடித்தால் வீடு கொதிக்கும்" என்று பலர் பயமுறுத்தினார்கள். உள்சுவரைப் பொறுத்தவரை இது பெரிதாக உண்மையில்லை. சூட்டை உள்ளே கொண்டுவருவது மொட்டை மாடியும் வெயில் படும் மேற்குச் சுவரின் வெளிப்பக்கமும்தான். அந்த இடங்களில் வெளிர்நிறம் கட்டாயம் வேண்டும்.

பராமரிப்பில்தான் நாங்கள் திணறினோம். பாத்ரூமை ஒட்டிய சுவரில் ஓதம் ஏறும்போது, செங்கல்லிலும் சிமென்டிலும் இருக்கும் உப்பு நீரில் கரைந்து மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். அக்கா வீட்டிலும் இது உண்டு. பெயிண்ட் பொரியும் வரை யார் கண்ணிலும் படாது. எங்கள் சுவரில் முதல் வாரமே கரும்பலகையில் சாக்பீஸ் தேய்த்தது போலத் தெரிந்தது. ஒழுகலைச் சீக்கிரம் கண்டுபிடித்தோம் என்பது அதில் ஒரு நன்மை. தலையெண்ணெய்க் கறை வெள்ளையில் மஞ்சளாகத் தெரியும், ஆனால் துடைத்தால் ஓரளவு போகும். பளபளப்பில்லாத அடர்நிற மேட் பூச்சில் துடைத்த இடமே பளபளவென்று திட்டாக நிற்கும். அடர் ஷேடு கலக்கும் பேஸில் (நிறம் சேர்க்குமுன் உள்ள அடிப்படை பெயிண்டில்) வெள்ளை நிறமி குறைவு என்பதால் மறைக்கும் சக்தியும் குறைவு. கூடுதல் கோட் வேண்டும், அதற்கு அடியில் சாம்பல் பிரைமர் (முதல் பூச்சு) போட்டால் நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் அடர்நிறத்தை நினைக்கவே வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவழி என்று பலரும் சொல்லும் ஒற்றைச் சுவரைத்தான் நான் மூன்றிலும் கடைசியில் வைப்பேன். அடர்நிறம் வெள்ளையைத் தொடும் மூலையில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு விழுகிறது. பூச்சு வேலையில் மூலை அரை அங்குலம் சாய்ந்திருந்தாலும் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். அத்தை வீட்டில் அந்த நீலம் சுவராகத் தெரிவதில்லை, சாத்தி வைத்த பலகையாகத் தெரிகிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். இருட்டு தேக்குத் தூணிலும் நிலைக்கதவிலும் இருக்கும். சுவரோ, சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த பளிங்கு வெள்ளை. முற்றத்து வெளிச்சத்தை உள்கட்டு வரை கடத்தும் வேலை அந்தச் சுவருக்கு. நடுவில் வானமே திறந்திருந்த வீட்டில்கூட அவர்கள் சுவரை வெளுப்பாகத்தான் வைத்தார்கள். முற்றமில்லாத ஃபிளாட்டில் நாங்கள் சுவர் கடத்தும் அந்த வெளிச்சத்தையும் அடைத்துவிட்டோம்.

எங்களை மாற வைத்தது அம்மா. வயதான கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். நடைவழியில் பகலிலேயே சுவரைத் தடவித் தடவி நடக்க ஆரம்பித்தார். போன பொங்கலுக்கு ஹாலையும் நடைவழியையும் ஆஃப் வொயிட்டுக்கு மாற்றினோம். "சார், இதை மறைக்க ரெண்டு கோட் பத்தாது, பிரைமர்ல இருந்து வரணும்" என்றார் பெயிண்டர். அப்படியே ஆயிற்று.

மேற்கு பெட்ரூமை மட்டும் விட்டுவைத்து, அங்கே சீலிங்குக்கும் அதே அடர்நிறத்தை அடித்தோம். முன்பு வெள்ளை சீலிங் பெட்டிக்கு மூடி போட்டது போலத் தலைமேல் நிற்கும். இப்போது மூலைகள் கரைந்து அறை ஆழமாகத் தெரிகிறது. இரவில் மட்டும் புழங்கும் அறை என்பதால் வெளிச்சம் குறைவது நஷ்டமில்லை. மகளின் படிப்பு மேஜை இருக்கும் சின்ன பெட்ரூம் இன்னும் பழைய நிறத்தில் இருக்கிறது. வருகிற தை மாதம் அதை வெளுத்துவிடுவோம்.