மூன்று ஊசி உயரமானியுடன் எட்டு ஆண்டுகள்

செஸ்னா 172 பயிற்சி விமானத்தின் கருவிப் பலகையில் உள்ள மூன்று ஊசி உயரமானியைப் பயிற்றுநராக எட்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அது அளப்பது உயரத்தை அல்ல, காற்றழுத்தத்தை. மேலே போகப் போக வெளி அழுத்தம் குறைவதால், உள்ளிருக்கும் காற்றில்லாத மெல்லிய உலோகப் பேழைகள் விரிகின்றன. அந்த விரிவைத்தான் பற்சக்கரங்கள் அடிக்கணக்காக மாற்றிக் காட்டுகின்றன. ஆகவே, கருவி முகப்பிலுள்ள சிறு சாளரத்தில் குமிழைத் திருகி நாம் வைக்கும் உள்ளூர்க் காற்றழுத்த எண் சரியாக இருந்தால்தான் ஊசி காட்டுவதும் சரியாக இருக்கும்.

இதை மாணவர்களுக்குத் தரையிலேயே காட்டிவிடுகிறேன். நம் வெப்பமண்டலப் பகுதியில் காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருக்கும் காற்றழுத்தம் மாலை நான்கு மணிக்குள் 3 அல்லது 4 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) இறங்கிவிடுகிறது. காலையில் வைத்த எண்ணை மாற்றாமல் விட்டால், அசையாமல் நின்ற விமானம் மாலையில் ஏறத்தாழ 100 அடி ஏறிவிட்டதாக ஊசி சொல்லும்.

இந்த எண் பிசகினால் என்ன ஆகும் என்பதை ஒரு நீண்ட பயணத்தின் திரும்புகையில் கண்டேன். கட்டுப்பாட்டாளர் 1003 என்று சொன்னார். மாணவரும் 1003 என்றே திருப்பிச் சொன்னார். ஆனால் சாளரத்தில் 1013 அப்படியே இருந்தது. ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 28 அடி என்பதால், ஊசி 3,500 அடி காட்டியபோது நாங்கள் 3,200 அடிக்குச் சற்று மேலேதான் பறந்துகொண்டிருந்தோம். சிறிது நேரத்தில் அழுத்த எண்ணைச் சரிபார்க்கும்படி ரேடார் கட்டுப்பாட்டாளரிடமிருந்து அழைப்பு வந்தது. நான் கவனிப்பதற்கு முன்பே அவர் கவனித்திருந்தார் என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

அவருக்கு அது தெரிந்ததற்குக் காரணம், ரேடாருக்கு விமானத்தின் உயரத்தைத் தானாகவே தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி அனுப்பும் உயரம் நாம் திருகும் குமிழைச் சார்ந்ததே அல்ல என்பதுதான். அது எப்போதும் 1013.25 ஹெக்டோபாஸ்கலை அடிப்படையாகக் கொண்டே கணக்கிடப்பட்டு, எங்கள் பழைய வகைக் கருவியில் 100 அடிப் படிகளாகச் செல்கிறது. அன்றைய உள்ளூர் அழுத்தத்துக்கு ஏற்பத் திருத்துவது தரையிலுள்ள கணினி. உயரப் பறக்கும் பெரிய விமானங்கள் அனைத்தும் இதே 1013.25-ஐத்தான் தங்கள் உயரமானியிலும் வைத்துக்கொள்கின்றன. எல்லோருக்கும் பிழை ஒன்றாகவே இருப்பதால் இடைவெளி குலைவதில்லை. உள்ளூர் எண்ணிலிருந்து 1013.25-க்கு மாறுவது அமெரிக்காவில் 18,000 அடியில் நிகழ்கிறது. இந்தியாவில் அந்த உயரம் விமான நிலையத்துக்கு விமான நிலையம் வேறுபடும்.

வெப்பநிலையும் கணக்கைக் கொஞ்சம் கலைக்கும். நம் கோடையில் ஊசி காட்டுவதைவிட உண்மையில் உயரமாகவே இருப்போம். கடுங்குளிர் நாடுகளில் நிலைமை நேர்மாறு, அதுதான் மலைப்பகுதிகளில் ஆபத்து.

கருவியைப் பற்றி எனக்குள்ள ஒரே மனக்குறை, அவசரத்தில் ஆயிரம் அடிகளைக் காட்டும் குட்டை ஊசியை மாணவர்கள் தவறாகப் படித்துவிடுகிறார்கள் என்பதே. புதிய விமானங்களில் திரை எண்ணாகவே காட்டிவிடுகிறது. ஆனால் அவற்றிலும் மாற்றாக ஓர் ஊசி உயரமானி இருக்கும். திரையில் எண்ணை மாற்றியவர்கள் அதன் குமிழைத் திருக மறந்துவிடுகிறார்கள் என்பதால், இரண்டு சாளரங்களையும் விரலால் தொட்டு உரக்கப் படிக்கச் சொல்கிறேன்.