மெர்சிடஸா, ரெட் புல்லா: யாருடைய ஆதிக்கம் போட்டியை வளர்த்தது?

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் 2016-ல் மெர்சிடஸ் அணி 21 பந்தயங்களில் 19-ஐ வென்றது. 2023-ல் ரெட் புல் 22-ல் 21. ஒரு சீசனை மட்டும் எடுத்துக்கொண்டால் ரெட் புல்தான் பெரிய கை. ஆனால் மெர்சிடஸ் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை ஃபார்முலா 1 அணிப் பட்டத்தை யாருக்கும் விடவில்லை. ரெட் புல்லுக்கு அதன்பின் வந்த ஆதிக்கம் 2022, 2023 இரண்டோடு சரி. இதற்கு முக்கியக் காரணம் விதிகள்தான் என்பேன்.

மெர்சிடஸின் பலம் இன்ஜின். 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் இன்ஜின் 2014-ல் வந்தபோது, டர்பைனை (வெளியேறும் புகையால் சுழலும் சக்கரம்) இன்ஜினுக்குப் பின்னாலும் கம்ப்ரசரை (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புவது) முன்னாலும் தனித்தனியாக வைத்து, நீளமான ஒரு தண்டால் இணைத்தார்கள். சூடான டர்பைனை விட்டு விலகியிருந்ததால் கம்ப்ரசரில் காற்று அவ்வளவாகச் சூடேறவில்லை. அற்புதமான வேலை. ஆனால் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டாலும் போட்டி இன்ஜின் தயாரிப்பாளர்களான ஃபெராரியும் ரெனோவும் இஷ்டத்துக்கு இன்ஜினை மாற்ற முடியாது. எத்தனை பாகங்களில் கை வைக்கலாம் என்பதை 'டோக்கன்' கணக்கு கட்டிப்போட்டிருந்தது. செலவைக் குறைக்க வந்த விதி, முன்னால் நின்றவருக்கே காவலாகிவிட்டது. 2017-ல்தான் அது ஒழிந்தது. அந்த ஆண்டுதான் ஃபெராரியில் வெட்டல் பட்டத்துக்கு உண்மையிலேயே மோதினார்.

ஒன்றை மட்டும் மெர்சிடஸுக்குக் கொடுத்தே ஆகவேண்டும். தன் இரண்டு ஓட்டுநர்களையும் மோதவிட்டது. 2014 பஹ்ரைனில் ஹாமில்டனும் ரோஸ்பெர்க்கும் சக்கரத்தோடு சக்கரம் உரச ஓட்டியதை இன்றைக்கும் தேடிப் பார்க்கலாம். 2023-ல் ரெட் புல்லின் இரண்டு ஓட்டுநர்களில் வெர்ஸ்டாப்பன் 575 புள்ளி, பெரெஸ் 285. பாதிகூட இல்லை. பார்க்க அலுப்பான சீசன்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்த அலுப்புக்குள்ளேதான் வளர்ச்சி நடந்தது. ரெட் புல்லின் அந்த ஆண்டு காரான ஆர்பி19-ன் ரகசியத்தில் பெரும்பங்கு காரின் அடியில், ஃப்ளோரில் இருந்தது. மொனாக்கோ தகுதிச்சுற்றில் பெரெஸ் மோதியதும் கிரேன் காரை உயரத் தூக்க, மறைத்து வைத்த வளைவுகளெல்லாம் கேமராக்களுக்கு முன்னால் தொங்கின. படம் கிடைத்தால் போதாது, சோதித்துப் பார்க்கவும் வேண்டுமே? அங்கேதான் புதிய விதி உதவியது: சாம்பியனுக்கு விண்ட் டனல் (காற்றோட்டத்தில் வைத்து வடிவமைப்பைச் சோதிக்கும் கூடம்) நேரம் அடிப்படை அளவில் 70 சதவீதம், பத்தாம் இட அணிக்கு 115. செலவுக்கும் 2021 முதல் உச்சவரம்பு.

பலனை மெக்லாரனிடம் பார்க்கலாம். 2023 முதல் பந்தயத்தில் நாரிஸ் 17-வது. ஜூலையில் சில்வர்ஸ்டோனில் இரண்டாவது. 2024-ல் அணிப் பட்டம், 1998-க்குப் பிறகு முதல்முறையாக. அந்த ஆண்டும் ஓட்டுநர் பட்டம் வெர்ஸ்டாப்பனுக்கே போனது. ஆனால் அணிப் பட்டியலில் ரெட் புல் ஃபெராரிக்கும் பின்னால், மூன்றாம் இடத்தில் முடித்தது.